முகூர்த்தப் பட்டு செக்ஷன்

இப்படிக் கிட்டக்க வந்து உட்காருங்க சார். தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னா கால்தான் வலிக்கும், சேலை எடுக்கிறது சீக்கிரம் முடிஞ்சிடாது. நீங்க பொண்ணுக்கு அப்பா, சரிதானா? சேலை விரிக்கிற இந்த மெத்தைக்கு வர்ற ஆம்பளைகள்ல பொண்ணுக்கு அப்பாவைத் தூரத்துலயே கண்டுபிடிச்சிடுவேன். சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டிருப்பார். மாப்பிள்ளைக்கு அப்பான்னா ஃபேன் எங்க இருக்குன்னு பார்ப்பார்.

உங்களை இப்போதைக்கு யாரும் தேட மாட்டாங்க. பில் போடுற நேரத்துல கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் எங்கிட்டப் பேசிக்கிட்டிருங்க. டீ சொல்லியிருக்கேன். சூடா இருக்கும். அதுக்கு மேல அந்த டீயைப் பத்திச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை.

அங்க உங்க வீட்டம்மாவுக்குச் சேலை எடுத்துப் போடுறாளே, அவள் பேரு செண்பகவல்லி. செம்பகம்னு கூப்பிடுவோம். கோவில்பட்டியில ஒரு தெருவுக்குள்ள நின்னு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நாலு வீட்டுல இருந்து எட்டிப் பார்ப்பாங்க, எல்லாம் அம்மன் பேருதான். அவள் கையை மட்டும் கவனிங்க. மடிப்புக்குள்ள விரலை விட்டு ஒரு உதறு. முந்தி விரிஞ்சு பொண்ணு மடியில போய் நிக்குதா? கூடவும் போகாது, குறையவும் குறையாது. அப்புறம் அதை எடுத்துப் பொண்ணு தோள்ல சார்த்திக் கண்ணாடிப் பக்கம் திருப்புவாள். அவ்வளவுதான், பொண்ணு அதுக்கப்புறம் வேற சேலையை நிமிர்ந்து பார்க்காது.

தோள்ல சார்த்துறதுக்கு ஒரு பொம்பளை வேணும் சார். நான் போய்ப் பொண்ணு தோளைத் தொட முடியுமா? நான் என் தோள்லயேதான் போட்டுக் காட்டுவேன். இந்த ஊருல எந்தக் கல்யாணப் பொண்ணையும் விட முகூர்த்தப் பட்டை அதிகமா உடுத்துனவன் நான்தான். சிரிங்க, சிரிங்க, எல்லாரும் சிரிப்பாங்க.

எம் பேரு குற்றாலிங்கம். பள்ளிக்கூடம் பக்கம் ரொம்பப் போனதில்லை. மீசை முளைக்கு முன்னாலயே இந்தக் கடைக்கு வந்தவன். அப்போ பெரிய மொதலாளி காலம். இப்போ அவர் மகன். எனக்குக் கைராசி உண்டுன்னு சொல்வாங்க. நானாச் சொல்லலை, ஊரு சொல்லுது. 'குத்தாலிங்கம் அண்ணாச்சி கையால எடுத்தா மறுவருஷம் வளைகாப்புச் சேலைக்கு வந்து நிப்போம்'னு சொல்ற குடும்பமெல்லாம் இருக்கு. சிலர் சேலை எதுன்னு பார்க்கவே மாட்டாங்க, நான் இருக்கேனான்னு பார்ப்பாங்க.

இதை எதுக்குச் சொல்றேன்னா, இந்தச் செம்பகத்தை ஒரு தடவை இந்த செக்ஷனை விட்டே எடுத்துட்டாங்க. ரெண்டு மூணு வருஷம் இருக்கும். அந்த விவகாரத்துல என்னையும் பிடிச்சு இழுத்துவிட்டாள். ஒரு பாவமும் அறியாத என்னை. நீங்க வெளியூர்க்காரர், ஒரு பக்கமும் சாயாம நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

அவள் வீட்டுக்காரர் மினிலாரி ஓட்டிக்கிட்டிருந்தார். நல்ல மனுசன். தீப்பெட்டி லோடு ஏத்திக்கிட்டு எங்கெல்லாமோ போவார். மஞ்சள்காமாலை வந்து பத்துப் பதினைஞ்சு நாளு கிடந்தார், போயிட்டார். பிள்ளை ஒண்ணு, பள்ளிக்கூடம் போகுது. காரியமெல்லாம் முடிஞ்சு செம்பகம் வேலைக்கு வந்தாள். கழுத்துல கிடந்தது இல்லை. நெத்தியில மட்டும் சின்னதா ஒரு ஸ்டிக்கர் பொட்டு. கடைப்பிள்ளைகள்லாம் அவளைப் பார்த்ததும் ஆளுக்கொரு மூலைக்குப் போயிட்டாங்க, என்ன பேசுறதுன்னு தெரியாம. அவளே கூப்பிட்டுச் சொன்னாள்: "வீட்டுல அழுது முடிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். இங்க யாரும் என்னை மறுபடி அழ வைக்காதீக."

அன்னிக்கும் நல்ல வியாபாரம். மறுநாளும். ஒருத்தர் ஒண்ணும் கேட்கலை. வர்றவங்களுக்கு என்ன தெரியும், அவங்களுக்குச் சேலைதான் தெரியும்.

அப்புறம்தான் அந்த அம்மா வந்தாக. மிளகாய் வத்தல் மண்டிக்காரர் வீட்டம்மா. பெரிய இடம். மகளுக்குக் கல்யாணம், வீட்டோட வந்து இறங்கிட்டாக. செம்பகம் வழக்கம்போல அரக்குக் கலர்ல ஒண்ணை உதறிப் பொண்ணு தோள்ல போட்டாள். பொண்ணுக்குப் பிடிச்சுப்போச்சு. அந்த அம்மா செம்பகத்தோட தெருவுக்குப் பக்கத்துத் தெரு. செம்பகம் முகத்தைப் பார்த்தாக, கழுத்தைப் பார்த்தாக. எழுந்து நேரா மொதலாளிகிட்டப் போய் காதோட என்னமோ சொன்னாக. அந்தச் சேலை வேண்டாம்னுட்டாக. அப்புறம் நான்தான் போய் வேற எடுத்துக் கொடுத்தேன். அதே அரக்கு, அதே பார்டர். என் தோள்ல போட்டுக் காட்டினேன். திருப்தியா எடுத்துக்கிட்டுப் போனாக.

சாயங்காலம் மொதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"குத்தாலம், அந்தப் பிள்ளையைக் கொஞ்ச காலத்துக்குக் குடோனுக்கு அனுப்பிடுவோமா?"

"உங்க இஷ்டம் மொதலாளி. அவளுக்கும் ஒரு ஓய்வாப் போகும்."

"நீரே சொல்லிரும். நான் சொன்னா நல்லா இருக்காது."

நல்லபடியாத்தான் சொன்னேன் சார். மகள் மாதிரி நினைச்சுத்தான் சொன்னேன். "தாயி, நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்க. குடோன்ல ஸ்டூல் போட்டு நிம்மதியா உக்காரு. விலை ஸ்டிக்கர் ஒட்டு, சேலை மடி, காத்தாட இரு"ன்னேன்.

குடோன்ங்கிறது இந்தக் கடைக்குக் கீழ. படி இறங்கிப் போகணும். ஜன்னல் கிடையாது. ரசக்கற்பூர உருண்டை வாசனைல மூக்கு அடைச்சிக்கிடும். ஒரே ஒரு டேபிள் ஃபேன். காத்தாடன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன், வேற எப்படிச் சொல்றது?

அவள் என்னையே பார்த்துக்கிட்டு நின்னாள். "எதுக்கு அண்ணாச்சி?"ன்னாள்.

"ராசிதான். கல்யாணச் சேலை இல்லையா. ஜனங்க ஒரு மாதிரி நினைக்காக."

"நீங்க என்ன நினைக்கீக?"

"நான் நினைக்கதுக்கு என்ன இருக்கு? மொதலாளி சொன்னார், உங்கிட்டச் சொல்லிட்டேன்."

போயிட்டாள். அன்னிக்கே கீழ போயிட்டாள். ஒரு வார்த்தை கூட்டிக் குறைச்சுப் பேசலை. அதுலதான் நான் ஏமாந்தேன். பேசுற பொம்பளைன்னா சமாளிச்சிடலாம் சார், பேசாம போனாள்னா நாம சூதானமா இருக்கணும்.

டீ வந்திருச்சு. எடுத்துக்கோங்க. நான் சொன்னேன்ல, சூடு மட்டும்தான்.

அங்க கடைசியில, செருப்பு விடுற இடத்துக்குப் பக்கத்துல பெஞ்சுல வெறும் நெத்தியோட உட்கார்ந்திருக்காங்களே, அது உங்க அம்மாவா? ஏன் அங்க உட்கார்ந்துட்டாங்க? அங்கயே இருக்கேன்னாங்களா? ஆமா, பெரியவங்களுக்கு அவங்களுக்கே தெரியும், எங்க உட்காரணும்னு. நல்ல பழக்கம். பாருங்க, பாருங்க, இவள் சேலையைத் தூக்கிக்கிட்டு அவங்ககிட்டயே போயிட்டாள். பேத்தி சேலையைப் பாட்டி மடியில விரிச்சாச்சு. கூட்டிக்கிட்டு வந்து மெத்தையிலயும் உட்கார வச்சாச்சு. இப்படித்தான் சார், இருக்கிற வேலையை விட்டுட்டு இல்லாத வேலை பார்ப்பாள். வியாபாரம் அரைமணி நேரம் தள்ளிப்போகும்.

எங்க விட்டேன்? குடோன்.

குடோனுக்குப் போனாளே தவிர, நான் சேலை எடுக்க இறங்கும்போதெல்லாம் கேட்பாள்: "இன்னும் எவ்வளவு காலம் அண்ணாச்சி?" நான் சிரிச்சு மழுப்பிட்டு வந்திடுவேன். ஒருநாள் மட்டும் கொஞ்சம் கூடுதலாப் பேசினாள். "எனக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணே ஒண்ணு. சேலையை ஒரு பிள்ளை தோள்ல போட்டா அது முகம் மலருமே, அதைப் பாக்கது. அதைப் பிடுங்கிட்டு அட்டைப் பெட்டியைப் பாருங்கீக. அவருதான போனாரு, நான் இருக்கேன்ல"ன்னாள். எனக்கே மனசு கஷ்டமாப் போச்சு. மேல வந்து வேலையில மறந்துட்டேன்.

அவளுக்கு வார லீவு புதன்கிழமை. ஒரு புதன்கிழமை பஸ் ஏறித் தூத்துக்குடி லேபர் ஆபீசுக்குப் போயிட்டாள். தனியா. அங்க ஒரு மேடம் இருந்திருக்காங்க, சின்ன வயசு. இவள் நடந்ததைச் சொல்லியிருக்காள். மேடம் கேட்டுட்டு, "ராசி இல்லைன்னு மாத்தினாங்கன்னு சொன்னா, அப்படிச் சொல்லவே இல்லைன்னு அவங்க மறுத்துடலாம். ஆனா ஒண்ணு கேட்கிறேன். ஆம்பளைக்கு ஒரு மாதிரி, பொம்பளைக்கு ஒரு மாதிரின்னு வேலையில நடத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. வேலைக்கு எடுக்கிறதுல மட்டுமில்லை, ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு மாத்துறதுலயும்தான். உங்க கடையில மனைவியை இழந்த ஆம்பளை யாராவது அதே சேலையை வித்துக்கிட்டிருக்காங்களா?"ன்னு கேட்டிருக்காங்க.

இவள் உடனே, "இருக்காகளே மேடம். எங்க குத்தாலிங்கம் அண்ணாச்சி"ன்னுட்டாள்.

நீங்களே சொல்லுங்க. எதுக்கு சார் என் பேரைச் சொல்லணும்? என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஒருநாள் காலையில மேடம் கடைக்கே வந்துட்டாங்க. கூட ஒரு கிளார்க். சேலை எடுக்க வந்திருக்காங்கன்னு நினைச்சு நான்தான் முதல்ல, "வாங்கம்மா, முகூர்த்தமா, நிச்சயமா?"ன்னு கேட்டேன். கார்டைக் காட்டினாங்க. மொதலாளி கல்லாவை விட்டு எழுந்து ஓடி வந்தார்.

மேடம் அதட்டவே இல்லை. அமைதியாத்தான் கேட்டாங்க. "செண்பகவல்லியை எதுக்குக் குடோனுக்கு மாத்துனீங்க?"

"ஓய்வுக்காக மேடம். துக்க வீடு பாருங்க. ரொம்ப நேரம் நிக்க வேண்டாமேன்னு."

"அவங்க கேட்டாங்களா?"

"கேட்கலை. நாமளா ஒரு மனிதாபிமானத்துல."

"சரி. இவர் யாரு?" என்னைத்தான் கேட்டாங்க.

"இது எங்க குத்தாலிங்கம் மேடம். கடைக்கே மூத்த ஆளு."

மேடம் என் பக்கம் திரும்பினாங்க. "ஐயா, உங்க மனைவி?"

"தவறிட்டாக மேடம்."

"அப்போ உங்களுக்கு ஓய்வு கொடுத்தாங்களா?"

எனக்கு ஓய்வா? என் வேலையைப் பத்தி ஒரு ஆபீசர் இவ்வளவு அக்கறையாக் கேட்டதே இல்லை சார். நான் விட்டுவிடுவேனா? சொன்னேன். "ஓய்வெல்லாம் எதுக்கு மேடம்? அவ போனது ஆவணி மாசம். கடையில கால் வைக்க இடமில்லை. காரியம் முடிஞ்ச மறுநாள் காலையிலயே வந்து நின்னுட்டேன். மொதலாளியே ஆள் விட்டுக் கூப்பிட்டாக."

மொதலாளி இருமினார்.

"எந்த செக்ஷன்ல?"

"இதே செக்ஷன்தான். முகூர்த்தப் பட்டு. வேற எங்க போவேன்? அன்னிக்கு வந்த கூட்டம் மாதிரி நான் பார்த்ததில்லை மேடம். விஷயம் தெரிஞ்சு வந்தவங்கள்லாம், 'பாவம், பொண்டாட்டியைப் பறிகொடுத்த மனுசன், வேலைக்கு வந்து நிக்காரே'ன்னு மனசு இளகி ஆளுக்கொரு சேலை கூடுதலா எடுத்தாக. ஒரே வீட்டுக்கு ஏழு பட்டு. இன்னிக்கு வரைக்கும் அந்தச் சாதனையை யாரும்..."

மொதலாளிக்கு இருமல் நிக்கவே இல்லை. நான் ஓடிப் போய்த் தண்ணி கொண்டாந்து கொடுத்துட்டு மிச்சத்தையும் சொல்லி முடிச்சேன். கிளார்க் எழுதிக்கிட்டே இருந்தார். நான் சொல்றதை ஒருத்தர் எழுதி எடுத்தது அதுதான் முதல் தடவை.

செம்பகம் படிக்கட்டு வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்தாள். நான் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். எதுக்குக் கும்பிட்டாள்னு தெரியலை. நல்லாப் பேசினேன்னு நினைச்சிருப்பாள்.

மேடம் கிளம்பும்போது மொதலாளிகிட்டச் சொன்னாங்க: "ஒரே வேலை, ஒரே நிலைமை. ஆம்பளைக்கு ஒரு நியாயம், பொம்பளைக்கு ஒரு நியாயம் கூடாது. ரெண்டு பேரையும் ஒரே மாதிரி வைங்க. அடுத்த வாரம் வந்து பார்ப்பேன். அதே நிலைமைன்னா மேல எழுத வேண்டியிருக்கும்."

மொதலாளி தலையைத் தலையை ஆட்டினார். போனதும் ஏசி ரூமுக்குள்ள போய் வக்கீலோட போன்ல ரொம்ப நேரம் பேசினார். வெளிய வரும்போது முகத்துல ஒரு தெளிவு. எல்லாரையும் மெத்தையைச் சுத்தி நிக்க வச்சுச் சொன்னார்:

"இனிமே நம்ம கடையில ஆம்பளை, பொம்பளைங்கிற வித்தியாசமே கிடையாது. எல்லாரும் சமம். துணையை இழந்தவங்க யாரா இருந்தாலும், ஆணானாலும் பெண்ணானாலும், முகூர்த்த செக்ஷன்ல நிக்கப்படாது. குடோன்தான். சட்டத்தை மதிக்கணும்."

நானும் கைதட்டினேன் சார். சட்டத்தை மதிக்கணும்னா தட்டத்தானே வேணும். தட்டி முடிச்ச பிறகு பார்த்தா எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க.

"குத்தாலம், தப்பா நினைக்காதேயும். ஒரு கண்துடைப்புக்குத்தான்"னார் மொதலாளி.

என்னை. இந்தக் குற்றாலிங்கத்தை. இந்த மெத்தையில உறை மாத்தினதே எத்தனை தடவைன்னு எனக்குத்தான் தெரியும். கண்ணாடிக்கு இடம் பார்த்து மாட்டினவன் நான். என்னைக் குடோனுக்கு. அதுவும் எதுக்கு? பொண்டாட்டி செத்துப்போனாள்னு. அவ செத்ததுக்கு நான் என்ன செய்ய முடியும்? நானா கொன்னேன்? நல்லா வாழ்ந்த மனுசனை, உன் கை ஆகாதுன்னு ஒதுக்கி வச்சா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது சார். வேண்டாம், அனுபவிச்சாத்தான் தெரியும்.

படி இறங்கினேன். செம்பகம் ஒரு ஸ்டூலைத் துடைச்சு வச்சிருந்தாள். டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

"உக்காருங்க அண்ணாச்சி. காத்தாட இருங்க."

"நீதானம்மா எல்லாத்துக்கும் காரணம்."

"நானா பொண்டாட்டி இல்லாத ஆளைக் குடோனுக்கு அனுப்பச் சொன்னேன்? புருசன் இல்லாதவளை மேல அனுப்புங்கன்னுதான சொன்னேன்."

அவள் சொன்னதும் சரிதான். ஆனா என் கோபம் ஆறலை. நாள் பூரா புலம்பினேன். மேல காலடிச் சத்தம் கேட்கும், வளையல் சத்தம் கேட்கும். யாரோ, "குத்தாலிங்கம் அண்ணாச்சி எங்க?"ன்னு கேட்பாங்க. "உடம்புக்கு முடியலை"ன்னு மேலே சொல்லுவாங்க. நான் கீழ குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேன்.

"ஒரு மனுசன் பொண்டாட்டி செத்தா என்னம்மா செய்வான்?"

"ஆமா அண்ணாச்சி. என்ன செய்வான்?" ஸ்டிக்கரை ஒட்டிக்கிட்டே சொல்லுவாள்.

"அது அவன் குத்தமா?"

"எப்படிக் குத்தமாகும்?"

"அவன் கையில என்ன விஷமா இருக்கு?"

"இல்லவே இல்லை அண்ணாச்சி."

அவள் ஒருத்திதான் சார் என் கஷ்டத்தைப் புரிஞ்சுக்கிட்டவள். நான் சொல்லச் சொல்ல, மறு பேச்சு பேசாம ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டே இருந்தாள். ஒரு தடவை மட்டும் முகத்தைத் திருப்பிக்கிட்டாள், தோள் குலுங்குச்சு. எனக்காக அழுதாள்னு நினைச்சேன். சிரிச்சாளோ என்னவோ. என்ன இருந்தாலும் அவளுக்குக் குடோன் பழகிப்போச்சு. எனக்குத்தான் புதுசு. அந்த வித்தியாசத்தையும் நியாயமாப் பார்க்கணும் இல்லையா?

அடுத்த வாரம் மேடம் வந்தாங்க. கீழ இறங்கிப் பார்த்தாங்க. ரெண்டு பேரும் ரெண்டு ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கோம். மொதலாளி பின்னாலயே வந்து, "நீங்க சொன்னபடியே ஒரே மாதிரி வச்சாச்சு மேடம்"னார், கையைக் கட்டிக்கிட்டு. மேடத்துக்குக் கோபம் வந்துச்சு. ஆனா என்ன சொல்ல? ஆணும் பெண்ணும் சமம்தானே. "இது எவ்வளவு நாளைக்கு ஓடும்னு பார்க்கிறேன்"னு சொல்லிட்டுப் போனாங்க. படியேறும்போது செம்பகத்தைத் திரும்பிப் பார்த்தாங்க. அவள் லேசாத் தலையாட்டினாள். நான் பார்த்துக்கிடுதேன்ங்கிற மாதிரி.

அப்போ ஆடி முடியுற நேரம். ஆவணி பிறந்தா முகூர்த்த சீசன். எங்க கடையில பெரிய மொதலாளி காலத்துல இருந்து ஒரு வழக்கம் உண்டு. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்னால ஒரு நல்ல நாள் பார்த்து, சீசனோட முதல் கல்யாணச் சேலையை மொதலாளி கையாலதான் எடுத்துக் கொடுக்கணும். கல்லா நாற்காலியை இந்த மெத்தைக்கு எதிர்ல கொண்டாந்து போடுவோம். தேக்கு நாற்காலி, யானைத்தலை கைப்பிடி. மொதலாளி பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்து, தாம்பாளத்துல மஞ்சள் குங்குமம் வச்சு, மேல சேலையை வச்சுப் பொண்ணு கையில கொடுப்பார். அந்தச் சேலைக்கு ஊருல போட்டி. அந்த வருஷமும் ஒரு பெரிய வீடு முன்கூட்டியே சொல்லி வச்சிருந்தது.

அதுக்கு முந்தின நாள் ரெண்டு பேரும் சேலை மடிச்சுக்கிட்டிருக்கோம்.

"அண்ணாச்சி, நாளைக்கு முதல் சேலை மொதலாளிதான் கொடுப்பாகளா?"

"பின்ன? அதுதான வழக்கம்."

"மொதலாளியம்மா தவறிட்டாகளே, அதுக்குப் பொறகும் அவகதானா?"

"அதுக்குப் பொறகும் அவர்தான். போன வருஷம்கூட அவர் கையாலதான் கொடுத்தார். ஏன் கேக்க?"

"சும்மா கேட்டேன் அண்ணாச்சி."

நல்ல பிள்ளை, கடை வழக்கத்தைத் தெரிஞ்சுக்க ஆசைப்படுதுன்னு நினைச்சேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள்ள நாங்க ரெண்டு பேரும் மேல வந்துட்டோம். அதுல இருந்து இதே இடம்தான், நீங்களே பார்க்கிறீங்க. உங்க பொண்ணுக்கு அந்த மயில்கழுத்துக் கலர் நல்லா இருக்கு, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. எப்படி மேல வந்தோம்னு கேட்டீங்கன்னா, அன்னிக்குக் காலையில நடந்ததாலதான். அதையும் கேட்டுருங்க.

கடை திறந்து பெருக்கித் தண்ணி தெளிச்சிக்கிட்டிருக்காங்க. மொதலாளி வர இன்னும் நேரம் இருக்கு. செம்பகம் என்கிட்ட வந்தாள். "அண்ணாச்சி, இந்த நாற்காலியை ஒரு கை பிடிங்க"ன்னாள். கல்லா நாற்காலி. மெத்தைக்கு எதிர்ல போடத்தான் கூப்பிடுறாள்னு பிடிச்சேன். அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பிட்டாள். பாதிப் படியில வச்சு, "ஏம்மா, எங்க போறோம்?"னு கேட்டேன். "ஸ்டூல்ல உக்காந்து உக்காந்து இடுப்பு வலிக்குன்னு நேத்துச் சொன்னீகளே"ன்னாள். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பெத்த மகள்கூட இப்படி நினைக்க மாட்டாள். மூச்சு வாங்க வாங்கக் கீழ கொண்டுபோய் எங்க ரெண்டு ஸ்டூலுக்கும் நடுவுல போட்டோம். துணியை எடுத்துத் துடைச்சாள். யானைத் தந்தத்தைக்கூடத் தனியாத் துடைச்சாள். ஒரு திண்டு கொண்டாந்து வச்சாள்.

நான் வேட்டியை ஒதுக்கி உட்காரப் போனேன்.

"அது உங்களுக்கு இல்லை அண்ணாச்சி"ன்னாள்.

அப்போதான் மேல ஒரே பரபரப்பு. பெரிய வீட்டுக்காரங்க பொண்ணோட வந்து இறங்கிட்டாங்க. மொதலாளியும் வந்துட்டார். "நாற்காலி எங்க? நாற்காலியைக் காணோம்"னு கத்துறாங்க. யாரோ கீழ கையைக் காட்டியிருப்பாங்க போல. மொதலாளியே படி இறங்கி வந்தார். பட்டு வேட்டி, சந்தனம், குங்குமம். பாதிப் படியில நின்னுட்டார்.

"என் சேரை யாரு இங்க கொண்டாந்தது?"

நான் செம்பகத்தைப் பார்த்தேன்.

"நானும் அண்ணாச்சியும்தான் மொதலாளி"ன்னாள். பாருங்க, மறுபடியும் என்னை இழுத்துவிட்டாள்.

"எதுக்கு?"

"நீங்கதான சொன்னீக மொதலாளி. துணையை இழந்தவுக யாரா இருந்தாலும் குடோன்தான்னு. எங்க ரெண்டு பேருக்கும் ஸ்டூல் போதும். உங்களுக்கு ஸ்டூல்ல உக்காந்து பழக்கமில்லையேன்னுதான்."

குரல்ல ஒரு குத்தலும் இல்லை சார். வீட்டுக்கு வந்த சம்பந்தக்காரரை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள். மொதலாளி நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய, மேல பார்த்தேன். மேல அந்தப் பொண்ணோட அம்மா, "மொதலாளி எங்க, நல்ல நேரம் போகுதே"ன்னு கேட்கிறாக. மொதலாளி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்தப் படியிலயே நிக்கார்.

செம்பகம் முந்தானையால திண்டை இன்னொரு தடவை தட்டிவிட்டாள். விலை ஸ்டிக்கர் சுருளை எடுத்து நாற்காலிக் கைப்பிடி மேல வச்சாள். அப்புறம் அதுவரைக்கும் என் பக்கம் ஓடிக்கிட்டிருந்த அந்த ஒத்த ஃபேனைத் தூக்கி, மொதலாளி நாற்காலியைப் பார்க்கத் திருப்பி வச்சாள்.